டே ஸ்காலருக்கு ஒன்றேகால் மணி நேரம்: கரோல் பாகிலிருந்து ஓர் ஒத்திகை

இல்லை, பள்ளியின் வெப்சைட்டில் போட்டிருக்கும் தூரத்தை நம்பிக் கிளம்பவில்லை. இருபத்தாறு கிலோமீட்டர் என்றால் டெல்லியில் அது முப்பத்தைந்து நிமிடமாகவும் இருக்கும், இரண்டு மணி நேரமாகவும் இருக்கும். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. நானும் தம்பி கார்த்திக்கும். அவனுக்குப் பதினொன்று. அப்பாவுக்கு ஷில்லாங்குக்கு மாற்றல். அம்மாவும் போகிறாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸை மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு பள்ளி என்பது இவனோடு நிற்கட்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். தெற்கு எல்லையில் ஒரு தனியார் ஆண்கள் பள்ளி. ஆறாம் வகுப்பு, எழுத்துத் தேர்வு முடிந்து இடம் கிடைத்துவிட்டது. டே ஸ்காலரா ஹாஸ்டலா என்பதுதான் பாக்கி. டே ஸ்காலர் என்றால் என்னோடு, கரோல் பாகில் நானும் தோழியும் எடுத்திருக்கும் வாடகை வீட்டில். பள்ளியில் ஒரு விதி உண்டு: ஒரு வழிப் பயணம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போனால் ஹாஸ்டல் மட்டும்தான்.

முந்தின நாள் அப்பா சொன்னது: "ஏட்டி, அவன் ஆம்பளப் பய. எங்க விட்டாலும் வளந்துருவான். நீ ஒன் படிப்பப் பாரு."

என் படிப்பு. பிஎச்டி, இரண்டாம் வருடம். நேரம் அதிகமாக ஆகட்டும் என்று நான் நினைத்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. கடிகாரம் முடிவு செய்துவிட்டால் நான் செய்ய வேண்டியதில்லை.

காலை 6:10, கரோல் பாக் வீட்டு வாசல். கார்த்திக் தன் வாட்சில் ஸ்டாப்வாட்சை அழுத்தினான். நேரம் பார்ப்பது அவன் பொறுப்பு, அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. நான் என் கணக்கை போனில் குறித்தேன். மெட்ரோவுக்கு நடை பதினொரு நிமிடம். பாதுகாப்பு வரிசை, பிளாட்பாரம், 6:31க்கு ரயில். ராஜீவ் சௌக்கில் 6:39. மஞ்சள் லைனுக்கு இறங்குவதற்கு மூன்று நிமிடம், அடுத்த ரயிலுக்கு நான்கு நிமிடம். அங்கே நிற்கும்போது அவன் கட்டைவிரல் வாட்சின் மேல் இருந்தது. விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

சத்தர்பூர் 7:18. வெளியே வர ஐந்து நிமிடம், ஆட்டோ கிடைக்க எட்டு நிமிடம். ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றுப்பத்துக்கு வந்தார். பள்ளியின் பெயரைக் கேட்டதும் கண்ணாடியில் கார்த்திக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"க்யா கியா இஸ்னே?" அப்படி என்ன செய்தான் இவன்?

ஒன்றும் செய்யவில்லை அண்ணா என்றேன். ஒன்றும் செய்யாத பையனை யாராவது ஹாஸ்டலில் போடுவார்களா என்றார். தன் மச்சான் மகன் மூன்று முறை ஓடிவந்த கதையைச் சொன்னார். கார்த்திக் சிரிக்கவில்லை.

ஒரு பண்ணை வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல் பிரிக்கிற லாரி குறுக்கே நின்றது. ஆட்டோ நின்றது. கட்டைவிரல் வாட்சுக்குப் போனது. ஐந்து நிமிடம் கழித்து ஆட்டோ நகர்ந்ததும் மறுபடியும் போனது.

அப்போதுதான் புரிந்தது. நிற்கும்போதெல்லாம் அவன் நேரத்தை நிறுத்திக்கொண்டிருந்தான். காலையிலிருந்து.

என் போனில் அந்த ஐந்து நிமிடத்தையும் குறித்தேன். 7:48க்கு கேட்.

முதலில் ஹாஸ்டலைக் காட்டினார்கள். பையன்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். முப்பது கட்டில், முப்பது தகர டிரங்க், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் எண். கம்பளிகள் எல்லாம் ஒரே மாதிரி மடிக்கப்பட்டிருந்தன. சுத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் போன். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் வார்டன். கார்த்திக் இல்லை என்று தலையசைத்தான். டிரங்குகளில் இருந்த எண்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தான்.

அட்மிஷன் அறையில் ஒரு மேடம், கையில் பென்சில். பயண நேரம் என்ன என்று என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கார்த்திக் வாட்சை நீட்டினான். ஒரு மணி பதினொரு நிமிடம், மேம். அவர் எழுதிக்கொண்டு படிவத்தை என் பக்கம் திருப்பினார். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

என் போனில் இருந்தது ஒரு மணி முப்பத்தெட்டு.

கையெழுத்துப் போட்டால் அவன் தினமும் மூன்றேகால் மணி நேரம் சாலையிலும் சுரங்கத்திலும் இருப்பான். போடாவிட்டால் டிரங்க். ஒரு மணி முப்பத்தெட்டு என்றேன்.

மேடத்துக்குப் புரியக்கூடாது என்று அவன் தமிழுக்கு வந்தான். "எக்கா, நிக்கறது டிராவல் இல்ல."

"நிக்கறதும் சேத்துதான்டா."

அவர் அழித்துத் திருத்தினார். அப்படியானால் ஹாஸ்டல்தான் என்றார். கார்த்திக் வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான்.

முகவரி மாறினால்? நான் கேட்டேன். கேட்பேன் என்று எனக்கே தெரியாது. மார்ச் கடைசிக்குள் வாடகை ஒப்பந்தம் கொண்டுவந்தால் மாற்றலாம், அதுவரை பென்சிலிலேயே இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். "ஹாஸ்டல் ஓகேதான்க்கா," என்றான். "பெட் நல்லாத்தான் இருந்துச்சு." வாட்சைத் தொடவில்லை.

இப்படிப் பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், பள்ளி நேரத்தில் போங்கள். விடுமுறை நாள் சாலை வேறு சாலை. நிற்கும் நேரத்தையும் எண்ணுங்கள், எங்களுக்கு அது இருபத்தேழு நிமிடம். ஹாஸ்டலைப் பையன்கள் இல்லாதபோது பார்த்தது என் தவறு, அவர்கள் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். மெட்ரோ கட்டணத்தை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தர்பூரிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றுப்பத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். பிள்ளை என்ன சொல்கிறது என்பதோடு கை எங்கே போகிறது என்றும் பாருங்கள். எந்தப் பெட்டியில் டிக் போட வேண்டும் என்று அவன் என்னிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ஐந்து இடத்தில் சொல்லியிருந்தான்.

பத்தரை மணிக்கு, பள்ளிக்குப் பக்கத்து மார்க்கெட்டில் ஒரு பிராப்பர்ட்டி டீலர் கடைக்குள் போனோம். இரண்டாவது மாடி, ஓர் அறை, சமையலறை. பள்ளி கேட்டுக்கு நடந்து பதினான்கு நிமிடம், கார்த்திக் எண்ணியது, இந்த முறை நிறுத்தாமல். என் பல்கலைக்கழகத்துக்கு அங்கிருந்து ஒரு மணி ஐம்பது. இரண்டாயிரம் முன்பணம் கொடுத்தேன். பிறகு அப்பாவுக்கு போன் செய்தேன்.