மாலை போட்ட வண்டி

உலகநாதன் டீயை நின்றுகொண்டேதான் குடிப்பார். இடக்கையில் டம்ளர், வலக்கை ஆம்புலன்ஸின் பானெட் மேல். வண்டி எங்காவது ஓடிவிடுமோ என்று பிடித்துவைத்திருப்பதுபோல் இருக்கும். டீக்கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டால், "உக்காந்தா போன் வந்துடும்பா" என்பார். நின்றாலும் போன் வரத்தான் செய்கிறது. அதைச் சொன்னால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா இல்ல?" என்று ஒப்புக்கொள்வார். மறுநாளும் நின்றுதான் குடிப்பார்.

பாகூர் பக்கம் ஒரு சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் அவர் வண்டி நிற்கும், மூக்கு சாலையைப் பார்த்தபடி. கூடவே சரண்யா, வண்டியில் முதலுதவி செய்யும் பெண். இருவருக்கும் தீபாவளி, பொங்கல் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். வீட்டிலிருந்து மனைவி போன் போட்டு, "இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "ஆச்சு, ஆச்சு."

விடைபெறுவதில் அவருக்கு ஒரு சிக்கல். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது "வரேன்" என்பதுதான் மரியாதை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் அதைச் சொன்னால் வீட்டாரின் முகம் மாறிவிடுகிறது. "போறேன்" என்றும் சொல்லக் கூடாது. வேறு என்ன சொல்வது என்று பல வருஷமாக யோசித்தும் பிடிபடவில்லை. அதனால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறிவிடுவார். திமிர் பிடித்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

வண்டிக்கு மாலை போடவும் விடமாட்டார். ஆயுத பூஜையன்றுகூடச் சந்தனப் பொட்டோடு சரி. ஏன் என்று கேட்டால், "வேணாம், வுடு" என்பார்.

இந்த மாட்டுப் பொங்கலன்று அந்தக் கட்டுப்பாடு சுப்பராயலுவிடம் பலிக்கவில்லை. ஆடி மாதம் கரும்புக் கழனியில் அவர் மனைவி எல்லம்மாளைப் பாம்பு கடித்தபோது, உலகநாதன்தான் நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது கையில் ஒரு தூக்குப் பொங்கலும் தோளில் ஆள் உயரச் சாமந்தி மாலையுமாக வந்து நின்றார் சுப்பராயலு.

"மாட்டுக்குப் போட்டன். டிராக்டருக்குப் போட்டன். எம் பொண்டாட்டியத் தூக்கினு போன வண்டி மட்டும் மொட்டையா நிக்கணுமா?"

"வேணாம்ணா..."

"நீ சும்மா இருடா. உனக்கா போடறேன்?"

மறுக்க வாயெடுத்த உலகநாதன் அவர் கண்ணைப் பார்த்தார். கலங்கியிருந்தது. நல்ல நாளில் வேலை பார்க்கிறவனை ஒரு நாயும் எட்டிப் பார்ப்பதில்லை என்று போன தீபாவளிக்குச் சரண்யாவிடம் புலம்பியது உலகநாதனேதான். இப்போது ஒருவர் வந்து நிற்கிறார், வேண்டாம் என்பதா? அவர் யோசித்து முடிப்பதற்குள் சுப்பராயலு மாலையைக் கண்ணாடியிலிருந்து பம்பர்வரை வளைத்து, மாடு கட்டுகிற முடிச்சாகவே போட்டுவிட்டார்.

பொங்கலில் ஒரு வாய் வைத்தார் உலகநாதன். போன் வந்தது.

நெட்டப்பாக்கம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கு நெஞ்சுவலி. வண்டி தெருவில் திரும்பியதும், வாசலில் காத்திருந்த அவர் மகள் ஜெயசுதா கைகாட்டிக் கூப்பிடவில்லை. அலறினாள்.

"ஐயோ, சாவு வண்டியா அனுப்பிட்டாங்க? எங்கப்பா உசுரோடதான் கீறாரு!"

அழுகை தெரு முழுக்கத் தொற்றிக்கொண்டது. பெரியவரை எட்டிப் பார்க்காமலே ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். வாசல் கட்டிலில் கிடந்த பெரியவர் தலையைத் தூக்கிச் சாமந்தியைப் பார்த்தார். "யாருக்குடி மாலை? எனக்கா? நான் ஏற மாட்டேன் போ." சரண்யா ஸ்ட்ரெச்சரை இறக்கி அருகில் வைத்தும் அவர் கட்டில் சட்டத்தை விடவில்லை. முகமெல்லாம் வேர்வை.

"அண்ணா, நேரமாவுது" என்றாள் சரண்யா.

உலகநாதன் முடிச்சோடு மல்லுக்கட்டினார். அவிழவில்லை. குனிந்து நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். அறுத்த மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு அப்படியே விழித்தார். கீழே போட மனம் வரவில்லை. வண்டிக்குள் வைத்தால் அதுவும் வம்பு. ஒரு கொம்பு மட்டும் நீலமாக, மறுகொம்பு வெறுமையாக, வேலியோரம் நின்ற மாடு அவரையே பார்த்தது. சட்டென்று அதன் கழுத்தில் போட்டார்.

பெரியவர் மாட்டைப் பார்த்தார். கட்டிலைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. "அதுக்குத்தானா? அப்ப செரி" என்றார்.

ஆஸ்பத்திரியில் பெரியவரை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு ஜெயசுதா வெளியே ஓடிவந்தாள். "அண்ணா, பயத்துல கத்திட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க." உலகநாதன் தலையை ஆட்டிவிட்டு ஏறிவிட்டார்.

பாதி வழியில் சரண்யாவைக் கேட்டார். "அந்த மனுசன் ஆசையாத்தான போட்டாரு?"

"ஆமாண்ணா."

"இந்தப் பொண்ணு கத்துனதும் ஞாயந்தான?"

"ஆமாண்ணா."

"அப்ப தப்பு எங்கம்மா கீது?"

"மாடு இந்நேரம் அத்தத் தின்னு முடிச்சிருக்கும்ணா" என்றாள் சரண்யா. சிரிப்பதா என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காணும் பொங்கல். டீ பாதி டம்ளரில் இருந்தபோது சுப்பராயலு வந்து வெறும் வண்டியைப் பார்த்தார்.

"மாலை எங்கடா?"

"அது... இன்னா ஆச்சுன்னாணா..."

"காத்துல பிச்சினு போயிருக்கும். எனக்குத் தெரியாதா? அதான் இந்தவாட்டி கெட்டியா கட்டியாந்தன்." நேற்றையதைவிடப் பெரிய மாலையை இரு கையாலும் விரித்தபடி வண்டியை நோக்கி வந்தார்.

உலகநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். வண்டிக்கும் சுப்பராயலுவுக்கும் நடுவில் வந்து நின்று, குனிந்து தன் கழுத்தை நீட்டினார். வலக்கை மட்டும் பின்னால் நீண்டு பானெட் மேலேயே இருந்தது.