அண்ணனின் சாவும் ஒரு சீன அரண்மனையும்

என் அண்ணன் ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை காலமானார். அச்செய்தி அன்றே கனடாவில் ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டை வந்தடைந்தது, என்னை வந்தடையவில்லை. என் மனைவி, மகன், மருமகள், பேத்தி ஆகிய நால்வரும் கூடி, அதனை என்னிடமிருந்து மறைப்பதென முடிவு செய்தனர். பேத்தியின் திருமணத்துக்கு அப்போது பதினாறு நாட்களே இருந்தன.

எங்கள் வழக்கப்படி, தந்தைவழிப் பங்காளி ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து அது கழியும்வரை அக்குடும்பத்தில் நற்காரியம் எதுவும் நிகழலாகாது. இவ்விதியை எங்கள் வீட்டில் காப்பவன் நான் ஒருவனே. நான் முகம் பார்த்தே இராத ஒரு சித்தப்பா மகன் லண்டனில் இறந்தமைக்காக, இதே திருமணத்தை முந்தின ஆண்டு ஒருமுறை தள்ளிவைக்கச் செய்தவனும் நானே. அப்போது பேத்தி அழவில்லை.

"அப்பப்பா, இன்னொருக்காத் தள்ளிப்போட்டா நாங்கள் சிட்டி ஹோலிலை போய் சைன் பண்ணிப்போடுவம். உங்களுக்குச் சொல்லவும் மாட்டன். ஐ மீன் இற்."

அவள் சொன்னதைச் செய்பவள். அந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று வீட்டில் எவரும் கேட்பதில்லை. ஆகவே மறைத்தனர். மறைத்ததைக்கூட ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். மறைத்த முறைதான் என்னை இழிவுபடுத்தியது. ஒரு சீனத் தொலைக்காட்சித் தொடரைக் கொண்டு மறைத்தனர்.

நான் காலையில் தேநீருடன் என் ரப்லெற் கணினியில் மரண அறிவித்தல்களை வாசிப்பவன். என் வயதுக்காரருக்கு முதற்பக்கச் செய்தி அதுவே. அந்த வெள்ளிக்கிழமை மாலையே என் ரப்லெற் பழுதடைந்துவிட்டதாகக் கூறி மகன் எடுத்துச் சென்றான். தமிழ் வானொலிப் பெட்டி மறுநாள் ஊமையாயிற்று. ஞாயிறுதோறும் அண்ணனுடன் தொலைபேசியில் பேசுவேன்; பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அவர் இருமுவார், மிகுதி இரண்டு நிமிடம் என்னைக் குறை சொல்வார். அந்த ஞாயிறு தொலைபேசியை எடுத்தபோது மனைவி தடுத்தாள்.

"கொண்ணைக்குத் தொண்டையிலை ஏதோ செய்தவையாம். ஒரு மாதம் கதைக்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டாராம்."

"இருமலாமோ?"

"விசர்க்கதை கதையாமல் வந்து இருங்கோ. இதைப் பாருங்கோவன், நல்ல கதையாம். எண்பது பாகம்."

அன்றுமுதல் காலை உணவு முடிந்ததும் தொலைக்காட்சி திறக்கப்பட்டது. அதுவரை என் மனைவி சீனத்தைப் பற்றி அறிந்திருந்ததெல்லாம் மூன்றாவது வீட்டுச் சீனத்தி வேலியோரம் பூசணி நட்டிருக்கிறாள் என்பது மட்டுமே. இப்போது அவள் பேரரசனின் ஏழு மனைவியரையும் வரிசைப்படி அறிந்தவளானாள்.

அந்தத் தொடரைப் போன்ற ஒரு மடமையை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. தமிழில் குரல் கொடுத்திருந்தனர். அத்தனை பெண்களும் ஒரே குரலில், ஒரே மூக்கால் அழுதனர். மூன்றாம் பாகத்தில் தேநீரில் நஞ்சு. ஏழாம் பாகத்திலும் தேநீரில் நஞ்சு. பதினோராம் பாகத்திலும் அவ்வாறே. ஆயினும் அந்த அரண்மனையில் ஒருவரும் தேநீரை விட்டாரில்லை. அமைச்சர் மகள் ஒருத்தி இளவரசனைக் காதலித்துவிட்டு, கடமையின் பொருட்டு அவனுடைய தகப்பனுக்கு மனைவியானாள். பின்னர் ஒவ்வொரு தூணின் மறைவிலும் நின்று கண்ணீர் விட்டாள். தூண்களுக்கோ அங்கே பஞ்சமில்லை. முழந்தாளிட்டு வணங்குவதில் அவர்கள் செலவிட்ட நேரத்தில் ஒரு குளத்தைத் தூர்வாரியிருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இளவரசன் பேரரசனின் மகனே அல்லன் என்றொரு குடும்ப இரகசியம். அதனைத் தாதியர் அறிவர், சமையற்காரர் அறிவர், குதிரைக்காரனும் அறிவான். அறியாதவன் பேரரசன் ஒருவனே.

"உவன் ராசாவோ, விசரனோ?" என்று நான் மனைவியிடம் கேட்டேன். "தன்ர வீட்டுக்குள்ளை நடக்கிறது தெரியேல்லை, உவர் நாட்டை ஆளுறாராம்."

"பெரிய மனிசருக்கு ஆர் துணிஞ்சு சொல்லுறது?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாற்பதாம் பாகத்தளவில் பேரரசன் இறந்துபோனான். எல்லையிலிருக்கும் மூத்தவன் படையுடன் திரும்புமுன் இளையவனுக்கு முடிசூட்டிவிட வேண்டும். ஆகவே தாய்மகாராணி சாவை மறைத்தாள். பிணம் கிடந்த அறைக்குள் வேளை தவறாமல் உணவுத் தட்டங்கள் சென்றன, வெறுமையாகத் திரும்பின. வைத்தியன் வாசலில் நின்று, மன்னருக்குத் தொண்டை நோய், பேசலாகாது என்று அறிவித்தான். இவ்விடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ கைகொட்டிச் சிரித்தேன்.

மனைவி, "அடுப்பிலை பால்," என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இருக்கவில்லை. மருமகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, உது சும்மா கதைதானே."

"கதையெண்டாலும் ஒரு ஞாயம் வேணும் பிள்ளை. செத்தவனுக்கு அழாமல் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிற வீடும் ஒரு வீடோ?"

அவள் கையில் பயற்றம் பணியாரத் தட்டு இருந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதற்குள்ளேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திருமணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அதாவது அண்ணன் இறந்த பதினைந்தாம் நாள், மருமகள் தைக்கக் கொடுத்த சட்டைகளை எடுப்பதற்காக வோபர்னிலுள்ள ஒரு பிளாசாவுக்குப் போனாள். தனியே விடக்கூடாதென்று என்னையும் ஏற்றிச் சென்றாள். "மாமா, காருக்குள்ளையே இருங்கோ. வெளியிலை சரியான குளிர்," என்று இருமுறை சொன்னாள். ஒரு மனிதனை இருக்கச் சொல்லி இருமுறை சொல்வது, எழுந்து போகச் சொல்வதற்கு ஒப்பாகும். எனக்கு வல்லாரை வேண்டியிருந்தது. இறங்கி, பக்கத்திலிருந்த மரக்கறிக் கடைக்குப் போனேன்.

என் வீட்டுச் சதிகாரர் ரப்லெற்றை மறைத்தனர், வானொலியை மறைத்தனர், தொலைபேசியை மறைத்தனர். தமிழ்க் கடைகளின் கண்ணாடிக் கதவை மறந்தனர். நடன அரங்கேற்றத்துக்கும் நிலக்கீழ் அறை வாடகைக்கும் நடுவில் என் அண்ணனின் படம் ஒட்டப்பட்டிருந்தது.

மரண அறிவித்தலில் எங்களவர் எவரையும் விடுவதில்லை. மக்கள், மருமக்கள், பேரர், சகோதரர், மைத்துனர் என அனைவரும் தத்தம் நாட்டுடன் வரிசையாக நிற்பர். அவ்வரிசையில், பாசமிகு சகோதரர் என்ற தகுதியுடன் என் பெயரும் இருந்தது. அருகில் கனடா என்றிருந்தது. அதாவது, அண்ணனின் சாவை உலகுக்கு அறிவித்தவர்களுள் நானும் ஒருவன். இரண்டு வாரங்களாக நான் அதனை அறிவித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரவரான கடைக்காரர் என்னைக் கண்டு வெளியே வந்தார்.

"வாங்கோ அண்ணை. கேள்விப்பட்டு உங்களுக்கு எடுக்கவேணும் எண்டு நினைச்சன், பிறகு வேலையோடை விட்டுப்போச்சு. நல்ல சாவுதான் அண்ணை, கிடந்து உழலேல்லை. வீடியோவிலை பார்த்தன், நல்ல சனம்."

"வீடியோ உம்மட்டை கிடக்கோ?"

"ஏன், நீங்கள் பார்க்கேல்லையே?"

"என்ர ரப்லெற் பழுது."

அவர் தம்முடைய தொலைபேசியில் அதனைத் தேடி எடுத்துத் தந்தார். அரிசி மூட்டைகளின் அருகே நின்று பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் சாரத்துடன் திரிந்த மனிதருக்குப் பட்டு வேட்டியும் சால்வையும் அணிவித்திருந்தனர். வாய்க்கட்டு இறுக்கமாக இருந்தது. சுண்ணம் இடிக்கையில் ஒருவர் தேவாரம் போன்ற ஒன்றைத் தப்பாகப் பாடினார்; அண்ணன் உயிருடன் இருந்திருந்தால் இடையில் நிறுத்தித் திருத்தியிருப்பார். வாய்க்கரிசி போட வந்தோரில் பாதிப் பேரை நான் அறியேன். படம் ஓரிடத்தில் உறைந்து நின்றது. கடைக்காரர் விரலால் தட்டி அதனை ஓடவைத்தார்.

"அப்ப கலியாணம் திரும்பவும் தள்ளிப்போட்டாச்சாக்கும். பாவம் பிள்ளை."

"அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்," என்றேன். "இதை ஒருத்தரோடையும் கதையாதையும்."

"நானோ? சீ, நான் ஏன் கதைக்கிறன்." அவர் ஊரில் எவரிடமும் எதையும் மறைத்தவரல்லர். ஆனால் என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். வல்லாரைக் கட்டைக் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காருக்குத் திரும்பினேன். மருமகள் வந்து, கட்டைக் கண்டு, கடைக் கதவைப் பார்த்து, என்னைப் பார்த்தாள். "வல்லாரை நல்லா இருக்கு," என்றேன். அவள் சட்டைப் பைகளைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தாள். நானோ மனத்துள் ஓர் உரையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அது கடுமையானதும் ஒழுங்கானதுமான உரை. முதலில் என் மனைவியின் துரோகம். அடுத்து மகனின் கோழைத்தனம். பின்னர் துடக்கின் விதி. முடிவில் என் தீர்ப்பு. நாளை மறுநாள் திருமணம் நடவாது. பேத்தி கையெழுத்திடப் போவதாயின் போகட்டும். என் அண்ணனை விடப் பெரியதொன்றும் அந்த மண்டபத்தில் இல்லை.

வீட்டில் பேத்தி கூடத்தின் நடுவே இருந்தாள். இரு கைகளும் முழங்கைவரை மருதாணி. அவற்றை நீட்டியபடி, சோளக்காட்டுப் பொம்மைபோல் அசையாது இருந்தாள். சுற்றிலும் எவருமில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

"அப்பப்பா, தாங்க் கோட். மூக்குக் கடிக்குது. ஒருக்காச் சொறிஞ்சுவிடுங்கோ."

"கொம்மா எங்கை?"

"தெரியாது. ப்ளீஸ், ஐ'ம் டையிங்."

சொறிந்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் மேலை. உது இல்லை, இடப்பக்கம். ஆ."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். பின் கண்ணைத் திறந்து, என்னை நேராகப் பாராமல், "அப்பப்பா, என்னிலை கோவமோ?" என்று கேட்டாள். அவள் எதைப் பற்றிக் கேட்டாள் என்பதை நான் அறிந்திருந்தேன். நான் அறிந்ததை அவள் அறியாள். முப்பது நிமிடம் காரில் கட்டிய உரை என் நாக்கில் இருந்தது.

"கையை ஆட்டாதை. அழிஞ்சுபோகும்," என்றேன்.

இவ்வளவுதான் என் வீரம். அரண்மனைக்காரர் முடிக்காகவேனும் சாவை மறைத்தனர். நான் ஒரு மூக்கைச் சொறிந்துவிட்டு மறைத்தேன். அவர்களை நகைத்த என்னை அன்று நான் மிகவும் அருவருத்தேன். இன்றும் அவ்வருவருப்பில் பெரும்பகுதி என்னிடம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கம் மண்டபத்தில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் யூனியன்வில்காரர். ஒவ்வொரு சடங்குக்கும் பொருள் கேட்டு, ஐயர் சொல்லத் தொடங்கியதும் கைத்தொலைபேசியைப் பார்ப்பவர்கள். துடக்குள்ள என் மகன் தன் மகளைத் தாரை வார்த்தான். அவன் நீரைப் பாதி நிலத்தில் சிந்தியதை மகளைப் பிரியும் துயரென்று அனைவரும் போற்றினர். மணமக்களுக்கு அறுகும் அரிசியும் தூவி வாழ்த்த மூத்தவனாகிய என்னை முதலில் அழைத்தனர். மனைவி என் முழங்கையைப் பிடித்து, "முழங்கால் நோகுதெண்டா இருங்கோ, பரவாயில்லை," என்றாள். அவள் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள் என்பது எனக்கு விளங்கியது. தான் பொய் சொல்லலாம், என் கை பழுதுபடக்கூடாது என்பது அவளுடைய கணக்கு.

"நோகேல்லை," என்று சொல்லி மணவறையேறினேன். அண்ணன் இறந்த பதினேழாம் நாள், விதியை அறிந்த ஒருவன், அறிந்தே, அறுகரிசி போட்டான். அன்று மாலைவரை மண்டபத்துப் பலகாரம் எதையும் நான் தொடவில்லை. அதனால் எவருக்கும் ஒரு பயனும் விளையவில்லை.

புதன்கிழமை காலை மகன் வேலைக்குப் போகவில்லை. முகம் மழித்திருக்கவில்லை. தொலைக்காட்சியை அவனே நிறுத்திவிட்டு என் எதிரில் அமர்ந்தான். மனைவி கதவோரம் நின்றாள்.

"அப்பா, ஒரு கதை. பதகளிக்காதேங்கோ." அவன் தன் முழந்தாள்களைப் பார்த்தான். "பெரியப்பா மோசம் போயிட்டார்."

"எப்ப?"

"நேற்று. நித்திரையிலையாம்."

"செத்தவீடு?"

"இண்டைக்கே எடுத்திட்டினம். அங்கை வெக்கைதானே."

இத்துணை மட்டமான பொய்யை அந்தத் தொடரில் குதிரைக்காரன்கூடச் சொல்லவில்லை. என் மகனுக்கு ஐம்பது வயது. ஒரு நிறுவனத்தில் பதினான்கு பேருக்கு மேலாளன். நேற்று இறந்தவரை இன்று மாலையாகுமுன் எரித்துவிட்டான். நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவன் அழத் தொடங்கினான். சிறு வயதில் அவனைத் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனவர் அண்ணன். பத்தொன்பது நாட்களாக, என் எதிரில் அழ முடியாமல், அவன் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறான். தண்ணீரை வீணாக்குகிறான் என்று அவனை இருமுறை நான் ஏசியுமிருக்கிறேன். நாள் பொய், அழுகை மெய்.

அவன் அழுது முடியும்வரை இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அதற்குரிய நாட்களை என்னிடமிருந்து எடுத்துவிட்டனர். ஆயினும் ஒரு நாள் மிஞ்சியிருந்தது. அவனுடைய நேற்றிலிருந்து எண்ணினால் அந்தியேட்டி அடுத்த மாதத்தில் வரும். நான் வாய்மூடி இருந்தால் அண்ணனுக்குரிய நாளும் பொய்யாகிவிடும்.

"வாற ஞாயிறு இல்லை, அதுக்கடுத்த ஞாயிறு அந்தியேட்டி," என்றேன். "இஞ்சை கோயிலிலை நாங்களும் செய்யவேணும். சைவக்குருக்களோடை இண்டைக்கே கதைச்சு வை. எனக்குக் கோழிக்கறி இல்லாமல் இருக்கேலாதெண்டு கொம்மா சொல்லுவா. அதுவரை வீட்டிலை மச்சம் வேண்டாம்."

மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். மகனின் பெருவிரல், நாட்களை எண்ணி, மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய், நடுவிரலில் நின்றது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"ஓமப்பா," என்றான்.