காலி ஹாலின் காற்று

எனக்குக் காது கூர்மை என்று பேர். அந்தப் பேரைப் பரப்பியவளும் நான்தான். ஆரியசாலைக்குப் பின்னால் எங்கள் தெருவுக்கு ஒரு பொது ஹால் உண்டு. வாரத்தில் மூன்று மாலை பத்துப் பதினைந்து பெண்கள் அங்கே கூடிப் பாடுவோம். ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு ஹாலின் சாவி என் கைக்கு வந்தது. யாராவது இம்மி சுருதி விலகினாலும் பாட்டை நிறுத்திவிடுவேன். என்னைப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், நியாயம்தான்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு ஆய்வகத்திலிருந்து காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டம் கூடும் இடங்களில் என்ன வைரஸ் திரிகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. நம் மூச்சிலும் இருமலிலும் வெளிவருவது மெஷினின் ஃபில்டரில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். வாரம் ஒருமுறை அதைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்து, முடிவை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். யார் மூக்கிலும் குச்சி விட வேண்டாம். எனக்குப் பிடித்துப்போயிற்று.

"ஆளுகள் இருக்கும்போ மெஷின் ஓடணும் மாமி, அதாணு முக்கியம்" என்று ஆய்வகத்து மலையாளிப் பெண் இரண்டு தடவை சொன்னாள்.

முதல் நாளே தகராறு. மெஷின் விடாமல் முனகியது. அந்த முனகல் சுருதிப் பெட்டியோடு சேரவும் இல்லை, விலகித் தொலையவும் இல்லை. பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி இம்சை. இரண்டாவது பாட்டின் நடுவில் எழுந்துபோய் அணைத்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் வந்து பெருக்கி, ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டு, பிறகு மெஷினைப் போடுவேன். மாலையில் முதல் ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அணைப்பேன். ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் எட்டு மணி நேரம் ஓட்டுகிறோமே என்று பெருமை வேறு. ஆளில்லாத ஹாலில் யாருடைய மூச்சை அது பிடிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

வாராவாரம் "ஒன்றும் காணப்படவில்லை" என்று முடிவு வந்தது. அதை எங்கள் குழுவில் போட்டுப் பாராட்டு வாங்கிக்கொள்வேன்.

என் பள்ளித் தோழி ஒருத்தி அதே தெருவில் இருக்கிறாள். நல்ல குரல். அவள் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். சாதாரண ஜலதோஷம்கூட அவருக்கு ஆகாது. அதனால் கல்யாணம், கோயில், பாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். ஒருநாள் போன் செய்தாள்.

"ஊரெல்லாம் காய்ச்சல்ங்கறா. நம்ம ஹால் ரிப்போர்ட்டு சரிதானே? இவரை வெச்சுண்டு எனக்குப் பயமாக்கும்."

"தைரியமா வா. நாலு வாரமா ஒண்ணும் இல்லை, கேட்டியா. உங்காத்தைவிட ஹால் சுத்தம்" என்றேன்.

வந்தாள். முதல் நாள் பாட ஆரம்பித்ததுமே அழுதுவிட்டாள். வெளியே கொட்டும் மழை. ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். மூன்றாவது வாரம் இரண்டு பேர் விடாமல் இருமினார்கள். தாளத்தில் இருமச் சொல்லிக் கிண்டல் செய்தேன். அடுத்த வாரம் எங்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். தோழிக்கு வந்தது. பிறகு அவள் கணவருக்கு வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார்.

ஃபில்டரை எடுக்க வந்த ஆய்வகத்துப் பெண் குழம்பிப்போயிருந்தாள். "இத்தனை பேருக்கு வந்திருக்கு, போன வார ஃபில்டரில் ஒண்ணும் இல்லையே. பாடும்போ மெஷின் ஓடிச்சு, அல்லே மாமி?"

உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஃபில்டரைப் பையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

துக்கம் கேட்கப் போனபோது தோழி வேறொரு கணக்கில் இருந்தாள். கணவரின் தங்கை அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம்தான் ரயிலில் வந்து தம்பானூரில் இறங்கி, அண்ணாவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். லேசாக இருமினாளாம். "அவதான் கொண்டுவந்தா. இனிமே அவ முகத்துல முழிக்க மாட்டேன்." உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "காபி போடட்டுமா?" என்று கேட்டேன்.

இந்த வருஷம் முதல் திவசத்துக்கு அந்தத் தங்கை வந்தாள். தோழி உள்ளே வா என்று சொல்லவில்லை. தங்கை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு, நான் கிளம்பும்போது என்னிடம் வந்தாள்.

"நீங்க சொன்னா மன்னி கேப்பா மாமி. எனக்கு இருமல் அலர்ஜியில வர்றதாக்கும். டெஸ்ட் பண்ணிண்டு, ஒண்ணும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் அண்ணாகிட்ட வந்தேன். இதை மட்டும் சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். எனக்கு நன்றி சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அதன்பிறகு தோழியை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. நான் இன்னும் சொல்லவில்லை.