கிட்டே போகக் கூடாத ஆள்

எனக்கு முன்கோபம் உண்டு. வேலியோரத்து சில்வர் ஓக் மரத்தில் நான் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. பக்கத்துத் தோட்டக்காரர் ஏணி வைத்து மரத்தில் ஏறி, மிளகைத் தன்னுடையது போலப் பறித்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் மனிதர் குதித்துவிட்டார். கை முறிந்தது. புகாரும் கொடுத்தார்.

முதல் குற்றம் என்று கோர்ட்டில் ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். மாதாமாதம் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் போய் நன்னடத்தை அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். தோட்டக்காரரிடம் பேசக் கூடாது, கிட்டே போகக் கூடாது. மீறினால் ஜெயில். பத்து மாதம் பசு மாதிரி இருந்தேன். அவர் எதிரே வந்தால் காப்பிச் செடிக்குள் இறங்கி நின்றுகொள்வேன்.

காப்பிப் பழம் சிவந்து நின்ற சமயம், வெள்ளக்கடை வளைவில் அவருடைய மொபெட் சறுக்கியது. கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ரோட்டில் என்னைத் தவிர ஆளில்லை.

“கிட்ட வராதீங்க! உங்களப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க!” என்று கத்தினார்.

“சும்மா இருங்க” என்று சொல்லித் தூக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பேசியது ஒரு குற்றம், தொட்டது இன்னொன்று.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த கையெழுத்தின்போது அலுவலரிடம் நானே பெருமையாகச் சொன்னேன். பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அவர் பேனாவைத் திறந்து கோர்ட்டுக்கு அறிக்கை எழுத ஆரம்பித்தார்.

கோர்ட்டில் நின்றபோது என் நினைப்பெல்லாம் காப்பித் தோட்டத்தில்தான். நான் ஜெயிலுக்குப் போனால் பழமெல்லாம் செடியிலேயே காய்ந்து உதிரும். கட்டுப் போட்ட காலோடு நின்ற தோட்டக்காரரிடம், நான் அவரை நெருங்கினேனா என்று நீதிபதி கேட்டார்.

“இல்லீங்கய்யா. அவரு ஓரமாத்தான் நடந்து போனாருங்க. நாந்தான் வண்டியோட அவரு கிட்டப் போயி உளுந்தேனுங்க.”

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை எச்சரித்து அனுப்பினார். மீதி நாட்களுக்கும் நிபந்தனை அப்படியே இருக்கும், இன்னொரு முறை வந்தால் ஜெயில்தான் என்றார்.

ஏற்காடு பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் கடைசி சீட்டில். நன்றி சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அதுவும் குற்றம். எங்கள் நிறுத்தத்தில் அவர் படியிறங்க முடியாமல் திண்டாடினார். பஸ்ஸில் போலீஸ்காரர் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் தோளைக் கொடுத்தேன்.