வாரேன் என்று சொல்லாமல் போனவர்

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். சொல்லாமல் எழுந்து போவது சாவு வீட்டில் மட்டும். கேதம் விசாரித்த கையோடு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்கள். அந்தக் காரியத்துக்கு அந்த வீட்டுக்கு மறுபடி வர வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம். இதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. சாவு வீடுகளுக்குப் போகப் போகத் தானாகப் படிந்துவிடும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த சமயம் அது. திருமயத்துக்குப் பக்கத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவளுக்குத் துணையாக நான் இருந்தேன். அத்தான் கல்யாணமான மறு வருஷமே மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். யுத்தத்தில் ஜப்பான் ராணுவம் தோட்டத்து ஆட்களைப் பிடித்து, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனது என்பது வரை எங்களுக்குத் தெரியும். சண்டை முடிந்து கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பினார்கள். அத்தான் வரவில்லை.

வருவான் என்று அத்தை, அதாவது அத்தானின் தாயார், சொல்லிக்கொண்டே இருந்தாள். விசேஷ வீடுகளில் அக்காவுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கலாமா வேண்டாமா என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் அவள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் கங்காணி வந்தார். கீரனூர்ப் பக்கத்துக்காரர். தோட்டத்தில் அத்தானுக்கு மேலாளாக இருந்து, சயாமுக்கும் கூடவே போனவர். பஸ்ஸை விட்டிறங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருந்தாரு ஆத்தா. வேற கேம்புக்கு மாத்திட்டாங்க. வந்துருவாரு, தைரியமா இருங்க" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். மோர் டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்தார், படியிறங்கிப் போய்விட்டார். அத்தை சந்தோஷம் தாங்காமல் அடுத்த வீட்டுக்குச் சொல்ல ஓடினாள். அக்கா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மோர் அப்படியே இருந்தது.

"வாரேன்னு சொல்லாமப் போறாரு பாத்தியா" என்றாள்.

"மறந்திருப்பாரு."

"அத யாருடி மறப்பா? பச்சத் தண்ணி கூட வாயில படல. அந்த மனுசனுக்கு இது சாவு வீடு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கங்காணி சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையால் கெட்டார்.

கோயிலுக்குப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் கீரனூருக்குப் பஸ் ஏறினோம். கங்காணி வாசலில் கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் மனைவி பாயை எடுத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை.

"அண்ணே, எங்க வீட்டுல ஏன் வாரேன்னு சொல்லல?"

அவர் கடலையைக் கிளறிக்கொண்டே சொன்னார். அத்தான் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். ஜப்பான் ஆபீசர் வந்து கங்காணியின் கையில் மூங்கில் கழியைக் கொடுத்து, அடித்து எழுப்பச் சொல்லியிருக்கிறான்.

"அடிக்கலைன்னா எனக்கு விழும் தங்கச்சி. அடிச்சேன். போதும்னு அவன் சொல்லுற வரைக்கும் அடிச்சேன். விடியுறதுக்குள்ள போயிட்டாரு. குழி வெட்டுனதும் நான்தான்."

"ஒரு கழியை எடுத்து ஒங்கள நான் நாலு போடு போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். சும்மா இரு என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆபீசர் என்ன ஆனான்?" என்று அக்கா கேட்டாள்.

"ஊருக்குப் போயிருப்பான். வெள்ளக்கார சிப்பாய்கள அடிச்சவங்களக் கோர்ட்டுல நிறுத்துனாங்க, தூக்குலயும் போட்டாங்கன்னு பேச்சு. எங்கள யாரும் கூப்புட்டுக் கேக்கல."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீங்களா?"

"அவனக் காட்டுனா எங் கையையும் சேத்துக் காட்டணுமே, தங்கச்சி."

அன்றைக்கு அவர் சொன்னதில் நான் முழுசாக நம்பியது இந்த ஒரு வார்த்தையைத்தான்.

"எங்க வீட்டுக்கு வந்து, எங்க அத்தைக்கிட்ட, ஊரு சனத்துக்கிட்ட இதச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நான் தாலியக் கழட்டுவேன்" என்றாள் அக்கா. கங்காணியின் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். முற்றம் நிறைய ஆட்கள் இருக்க, நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அத்தை கத்தவில்லை.

"தண்ணி கேட்டானா எம் புள்ள?"

"கேட்டாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேன் ஆத்தா."

அது நிஜமோ பொய்யோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள், "யுத்தத்துல நடந்ததுக்கு யாரப் போயிக் கேக்குறது? விடுங்கத்தா" என்றார்கள். விடுவது அவர்களுக்கு எப்போதும் சுலபம். செத்தது அவர்கள் வீட்டு ஆள் இல்லையே.

கங்காணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முறைப்படி ஒன்றும் சொல்லாமல் வாசலுக்கு நடந்தார்.

"அண்ணே, வாரேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள் அக்கா.

கூட்டம் திடுக்கிட்டது. சாவு வீட்டில் என்ன பேச்சு இது என்று ஒருவர் அதட்டினார்.

"அந்த ஆபீசர யாராச்சும் ஒரு நாளு விசாரிக்கத்தான் செய்வாங்க. அன்னைக்கு இவரு வந்து சாட்சி சொல்லணும். வாரேன்னு சொல்லட்டும்."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்கா தாலியைக் கழற்றினாள்.

யாரும் விசாரிக்க வரவில்லை. பேப்பரில் ஜப்பான் என்று எதைப் பார்த்தாலும் அக்கா என்னைப் படிக்கச் சொல்வாள். கப்பல், ரேடியோ, வியாபாரம் என்றுதான் இருக்கும். அத்தை போய்ச் சேர்ந்தாள். அறுபதுகளில் ஒரு நாள் கங்காணி செத்த சேதி வந்தது.

போக வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். அக்கா கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். கேதம் விசாரித்துவிட்டுக் கிளம்பியபோது வாசலில் நின்று ஒரு தடவை உள்ளே பார்த்தாள். "வாரேன்" என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். சொல்லவில்லை.

பஸ் புதுக்கோட்டையைத் தாண்டியபோது சொன்னாள்.

"இனிமே எவன் வந்து கேட்டாலும், பாத்தேன்னு சொல்ல ஆளு இல்லடி."