“அடைச்சோ” என்று சொன்னது யார்?

சொன்னால் கதை என்பீர்கள். போங்கள், எனக்கென்ன! இது நடந்தது. சத்தியதாஸுக்குப் புளுகத் தெரியாது. கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷன்.

ஐம்பத்துநாலு. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கம்பெனியில் சத்தியதாஸ் கிளார்க். நாளைக்கு எவ்வளவு ஓடு அச்சடிப்பது, எந்தச் சூளைக்கு எப்போது தீ வைப்பது என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. மறுநாள் கடையடைப்பு, ஆள் வராது. அதனால் காலையில் வைக்க வேண்டிய தீயை அன்று சாயங்காலமே வைக்கச் சொல்லிவிட்டார் மானேஜர். தலைபோகிற அவசரம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓடு அடுக்கி முடிந்ததும் கிளார்க் சூளைக்குள் போய்ப் பார்ப்பார். இடம் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால்தானே அடுத்த திட்டம் போட முடியும்? வெளியே வந்து “அடைச்சோ”, அதாவது அடைத்துவிடு, என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் கொத்தன் பொன்னப்பன் வாசலில் கல் வைப்பான்.

அரிக்கேன் விளக்கோடு உள்ளே போனார் சத்தியதாஸ். அடுக்குகளுக்கு நடுவே ஒற்றை ஆள் நுழையும் சந்து. கடைசி மூலைவரை போய்விட்டார். வெளியே நாலு மணி வெயில் பொளந்தது. இங்கே பல் கிட்டியது.

விளக்கு அணைந்தது. காற்றே இல்லை...

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

“அடைச்சோ பொன்னப்பா.”

அது சத்தியதாஸின் குரல்!

டொக்... டொக்... கல் ஏறியது.

“எலே பொன்னப்பா! நான் உள்ள உண்டு! அடைக்காதலே!”

ரோட்டில் ஊர்வலம். கோஷத்தில் அவர் கத்தல் எடுபடவில்லை. இடித்துப் பிடித்து ஓடினார். சந்தில் தோள் சிக்கியது. வாசல் வெளிச்சம் முழமாகி... சாணாகி...

இருட்டு.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

“யாரு?”

மூச்சு நின்றது.

“கர்த்தாவே, என்னை வெளிய விடும்...”

கையில் கிடைத்த ஓட்டை எடுத்து அடுக்கில் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். ஊர்வலம் தாண்டிப் போனதும் வெளியே கேட்டுவிட்டது. அடுப்பு வாய்க்குள் பந்தம் நுழையப் போன நேரம். சுவரை இடித்து இழுத்துப் போட்டார்கள்.

“அய்யோ சாரே! நீங்கதானே அடைச்சோன்னு சொன்னிய? மண்ணு குழைச்சிட்டு நின்னேன், திரும்பிப் பாக்கல்ல. ஆனா உங்க சத்தமாக்கும்!”

சத்தியதாஸ் வாய்விட்டு அழுதார்.

கடையடைப்பு முடிந்த அன்று பொன்னப்பன் அவர் வீட்டுக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது.

“சாரே, அந்த இடிச்ச கல்லெல்லாம் அள்ளினேன். நான் சுவருக்கு வெளிப்பக்கம் மட்டுந்தான் மண்ணு பூசுவேன்.”

“அதுக்கு?”

“உள்பக்கமும் பூசியிருக்கு. வழுவழுன்னு... வெரலு பதிஞ்சு கெடக்கு.”

சத்தியதாஸ் தன் கைகளைப் பார்த்தார்.

“உங்க வெரலு இல்ல சாரே. சின்னப் பிள்ளைக்க வெரலு.”