வால்வு பாடும்போது ஃபேன் ஓடாது

சூட்டில் தூசி கருகும் வாசனை. வால்வு ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் முதலில் வருவது அதுதான். கண்ணாடிக் குமிழுக்குள் கம்பி சிவந்து, சூடேறி, அப்புறம்தான் பாட்டு வரும். அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் கழுத்து வேர்க்கும்...

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் போன வாரம் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் வால்வு வாங்கி ஆம்ப்ளிஃபயர் செய்யப் போகிறாராம்.

"எவ்வளவு செலவாகும் டீச்சர்?"

காசுக் கணக்கை என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார். மற்ற செலவுகள் எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்குத் தாலுகா ஆபீஸ், எனக்குப் பள்ளிக்கூடம். கூடவே மாமியாரும் நாத்தனார் பியூலாவும். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஜங்ஷனில் பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளுக்குப் போவார். திரும்பி வரும்போது பேப்பரில் சுற்றிய வால்வு ஒன்று கையில் இருக்கும். டவுன் பஸ் நெரிசலில் அதை முட்டை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகி, "இப்ப எப்படி இருக்கு?" என்பார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவேன்.

அவருக்கு ஒரே எதிரி, ஓர் இரைச்சல். பாட்டுக்கு அடியில் வண்டு மாதிரி 'ங்ம்ம்' என்று கிடக்கும். எங்கள் யாருக்கும் அது கேட்காது, அவருக்கு மட்டும் கேட்கும். எத்தனை வால்வு மாற்றியும் போகவில்லை. ஃபேன் ரெகுலேட்டரில் இருந்து வருகிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தார்.

"ஏட்டி, அந்த ஃபேன அமத்து."

அன்றோடு எங்கள் காற்று போயிற்று. பாளையங்கோட்டை மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதில் அடுப்பு மாதிரி கனலும் வால்வுகள் வேறு. பாட்டு முடியும்வரை பத்தமடைப் பாயில் முதுகு ஒட்டிக்கொள்ள, நாங்கள் மூன்று பெண்களும் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருப்போம். விசிறி படபடக்கிறது, பைய வீசுங்கள் என்பார்.

பியூலாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மாமனார் இல்லாத வீடு. வந்த இடமெல்லாம் ஏதோ காரணத்தில் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையன் வீட்டார் பெண் பார்க்க வருகிறோம் என்றதும், மாமியார் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். இதுவும் போனால் அந்த அம்மாள் தாங்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இருட்டும் நேரத்தில் வந்தார்கள். ஜெபம் முடிந்தது, பலகாரம் வைத்தோம். மாப்பிள்ளை மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து, "அண்ணாச்சி, வால்வா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். கீர்த்தனை கேசட்டைப் போட்டார் என் வீட்டுக்காரர். கண்ணைக் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனை நிறுத்தினேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வீசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மாப்பிள்ளை காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னும் லேசா இரையுதே அண்ணாச்சி. டியூப்லைட்டையும் அமத்திப் பாருங்க. சோக்குல இருந்து வரும்லா."

சொன்னவர் தானே எழுந்து அமர்த்தினார். பியூலா காப்பித் தட்டோடு வந்து நின்றது அந்த இருட்டுக்குள். வால்வின் சிவப்பு வெளிச்சத்தில் டம்ளர்கள் மட்டும் தெரிந்தன.

"பொண்ணு வந்துட்டாளா?" என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா.

"இங்கனதான் நிக்கேன்" என்றாள் பியூலா.

ஆண்கள் இருவரும் திரும்பவில்லை.

மறுநாளே அவர்களுக்குச் சம்மதம் என்று ஆள் வந்தது. மாமியார் அழுதேவிட்டார்கள். பியூலா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"மைனி, எனக்கு வேண்டாம்னு அண்ணன்ட்ட சொல்லிருங்க. அவுக வந்தது என்னையப் பாக்கவா, வால்வப் பாக்கவா? போற வீட்டுலயும் நான் வேர்த்துக்கிட்டே கெடக்கணுமா?"

மாமியார் பல நாள் அவளோடு பேசவில்லை. அவள் அசையவில்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்ததே.

என் வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயர்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, கொஞ்ச நாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். அப்புறம் பியூலாவுக்கு வள்ளியூரில் உரக்கடை வைத்திருப்பவர் அமைந்தார். அவருக்குப் பாட்டே பிடிக்காது. கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது, பியூலா இரண்டு சீலிங் ஃபேன் கேட்டாள். அவரும் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது இரண்டு பேரும் ரிட்டயர் ஆகிவிட்டோம். சொந்த வீடு, அதே ஆம்ப்ளிஃபயர். வால்வு இப்போது கூரியரில் வருகிறது. போன மாதம் ஒன்று வந்தது. மாட்டினார், கீர்த்தனை வைத்தார். நான் பழக்கத்தில் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் ஃபேனை நிறுத்தச் சொல்லவில்லை.

இரைச்சல் இருந்தது. இத்தனை வருஷமும் எனக்குக் கேட்காத அந்த 'ங்ம்ம்'... அன்றைக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் காதுதான் இப்போது கொஞ்சம் மந்தம். காலிங் பெல் அடித்தாலும் நான்தான் போக வேண்டும்.

"பாத்தியாட்டி... சுத்தமா இருக்கு. ஃபேன் ஓடயிலயும் இரைச்சலே இல்ல. இந்த வால்வுக்குத்தான் இத்தன நாளும் அலஞ்சிருக்கேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் சொன்னது பொய்யாக வேண்டாம் என்று தோன்றியது. சுவிட்சை அமர்த்தினேன். இரைச்சல் நின்றது.

"ஏன் அமத்துன? ஓடட்டும்லா" என்றார்.

"குளிருது" என்றேன், முகத்து வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே.